வெயிலை வாங்கும் கொட்டகையும் வெயிலை விடும் கொட்டகையும்

பினாங்கு மாநிலத்துச் சிம்பாங் அம்பாட்டில் தோட்டம் போட ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் பலர் கைப்பேசியில் ஒரே மாதிரிப் படத்தைக் காட்டுகிறார்கள். வடக்கே தடித்த மண்சுவர், தெற்கே சரிந்த கண்ணாடி, உள்ளே வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்ப் பீப்பாய்கள். "கரண்டே வேண்டாமாம் ஐயா, வெயிலே எல்லாம் பார்த்துக்கொள்ளுமாம். நம்ம ஊரிலும் கட்டலாமா?" என்கிறார்கள். கட்டலாம். எதற்குக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எண் போட்டு எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1. சூடு வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

நம் செபராங் பிறை தென்பகுதியில் விடியற்காலையில்கூட வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே போவது அரிது. பிற்பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். இங்கே எந்தச் செடியும் குளிரில் விறைத்துச் சாவதில்லை. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் 32 டிகிரியைத் தாண்டி, இரவிலும் வெக்கை தணியாவிட்டால் அதன் மகரந்தம் பலன் தராது, பூ உதிர்ந்துவிடும். சாலட் கீரைக்கு வேர்ப்பகுதி சூடானாலே போதும், இலையோரம் கருகும். ஆகவே செடி வளர்ப்பதற்கான குடில் என்றால் நமக்குச் சூடு சேர்க்கும் அமைப்பு தேவையே இல்லை.

பிறகு குடில் எதற்கு? மழைக்கு. பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. செப்டம்பர், அக்டோபரில் கொட்டுகிற மழை மிளகாயின் வேரை அழுகவைக்கும், போட்ட உரத்தைக் கழுவிக்கொண்டு போகும், இலைக்கு நோயைக் கொண்டுவரும். 1969-இல் தொடங்கப்பட்ட மார்டி வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நம் தாழ்நிலத்துக்கு மழைக்காப்புக் கூரைகளைச் சொல்லிக்கொடுத்ததும் இதனால்தான். மேலே பிளாஸ்டிக், பக்கமெல்லாம் திறப்பு. பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நம் ஊருக்குப் பொருந்துவது அதுதான்.

2. குடிலுக்குள் சூடு ஏன் ஏறுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தது இது: கண்ணாடி வெயிலை உள்ளே விடும், தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை வெளியே விடாது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு, வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு சூடு. உள்ளே சூடான காற்று மேலேறித் தப்பிக்க வழியில்லாமல் போவதுதான் முதற்காரணம் என்று அவர் முடிவுகட்டினார். நண்பகலில் ஜன்னலை ஏற்றிவிட்டு நிறுத்திய காரில் ஏறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்று. விலை உயர்ந்த பிளாஸ்டிக்கைத் தேடி அலைவதைவிட, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று யோசிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

3. லடாக்கின் குடிலைக் கேலி செய்யாதீர்கள், படியுங்கள்.

நீங்கள் காட்டுகிற படத்தின் சொந்த ஊர் பெரும்பாலும் லடாக் போன்ற குளிர்தேசமாக இருக்கும். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். ஆனாலும் வானம் தெளிவாக இருக்கும், வெயில் இருக்கும். ஜெரெஸ் என்ற பிரெஞ்சு அமைப்பு உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து அங்கே கிராமத்து மக்களுக்கு வெயில் குடில்கள் கட்டிக்கொடுத்தது. அந்த வேலைக்கு 2009-இல் ஆஷ்டன் விருதும் கிடைத்தது. பனிக்காலத்தில் பச்சைக் கீரையே காணாத வீடுகள் அதற்குப் பிறகு கீரை பறித்தன.

அந்தக் குடிலின் ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் உண்டு. நீளவாட்டம் கிழக்கு மேற்காக. டிசம்பர் நண்பகலில் லே நகரத்துச் சூரியன் தென்வானில் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதனால் தெற்கு முகம் முழுவதும் பிளாஸ்டிக். வடக்கிலிருந்து வெயில் வராது, அதனால் அங்கே இரட்டை மண்செங்கல் சுவர், நடுவில் வைக்கோல். அந்தச் சுவரின் உள்முகத்தில் கறுப்புச் சாயம். பகலில் சுவர் சூட்டைக் குடிக்கும், இரவில் திருப்பிக் கொடுக்கும். பொழுது சாய்ந்ததும் பிளாஸ்டிக்குக்குக் கீழே துணித்திரையை இழுத்துவிடுவார்கள்.

இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுங்கள். தடித்த சுவர் வேண்டாம், கறுப்புச் சாயம் வேண்டாம், பீப்பாய் வேண்டாம், இரவுத் திரை வேண்டாம். இரவிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும் சுவர் நம் தக்காளிக்கு எதிரி. நம் குடில் எடை குறைந்ததாக, சூட்டைச் சேர்த்துவைக்காத பொருளால் ஆனதாக இருக்கட்டும்.

4. உங்கள் தலைக்கு மேலிருக்கும் சூரியனைப் படியுங்கள்.

சிம்பாங் அம்பாட் வடக்கே ஐந்தேகால் டிகிரி அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஜூனில் உச்சியிலிருந்து 18 டிகிரி வடக்கே சாய்ந்து நிற்கும். டிசம்பரில் 29 டிகிரி தெற்கே. அதாவது, ஆண்டில் பல மாதங்கள் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்தும் வரும். "தெற்கு முகம்" என்று புத்தகம் சொல்வதை இங்கே அப்படியே எடுத்தால், ஜூன் மாதத்தில் உங்கள் கணக்கு தலைகீழாகிவிடும்.

இன்னொன்று. நிழலை அளக்கிறேன் என்று கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். 1982-இலிருந்து தீபகற்பக் கடிகாரமும் சபா, சரவாக் கடிகாரமும் ஒன்று. அதனால் நம் பக்கம் சூரியன் உச்சியைக் கடக்கும்போது சராசரியாக மணி ஒன்றேகாலைத் தாண்டிவிடும், பிப்ரவரியில் ஒன்றரை. கடுமையான சூடு மூன்று, நாலு மணிக்குத்தான். நிழல்வலையை எப்போது இழுப்பது, எப்போது திறப்பது என்பதற்கெல்லாம் இதுதான் அடிப்படை.

5. முகடு வடக்கு தெற்காக ஓடட்டும்.

கடல் நமக்கு மேற்கே. பிற்பகலில் கடற்காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். முகடு வடக்கு தெற்காக ஓடினால் நீளமான பக்கவாட்டுகள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். சூடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் காற்று குடிலுக்குக் குறுக்காக நுழைந்து போகும். கம்பத்தின் நிழலும் நாள் முழுவதும் ஒரே செடிமேல் விழாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கிழக்கு மேற்காக ஓடவிட்டவர்களும் உண்டு, அவர்கள் நிலத்தின் வடிவம் அப்படி. நிலம் இடம் கொடுத்தால் நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

முகட்டுத் திறப்பின் வாய் கிழக்கே பார்க்கட்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து வரும் புயற்காற்று, பெரும்பாலும் விடியலுக்கு முன்னால், மேற்கிலிருந்து அறையும். வாய் மேற்கே பார்த்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். கிழக்கே பார்த்தால், மேலே ஓடும் காற்றே உள்ளிருக்கும் வெக்கையை உறிஞ்சி இழுத்துவிடும்.

பிளாஸ்டிக் கூரையைக் காற்று கீழே அழுத்தி உடைப்பதைவிட மேலே தூக்கிப் பிடுங்குவதுதான் அதிகம். அடித்தளக் கான்கிரீட்டுக்குப் போகிற பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

6. உயரம், உயரம், உயரம்.

பணம் குறைந்தால் நீளத்தைக் குறையுங்கள், உயரத்தைக் குறைக்காதீர்கள். பக்கவாட்டில் மழைத்தண்ணீர் வடியும் காடி இருக்கும் இடம் மூன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது; நாலு என்றால் இன்னும் நல்லது. முகடு அதற்கு மேலே.

சூடான காற்று தானாக மேலேறி முகட்டு வழியாக வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று நுழையும். கீழ்வாய்க்கும் மேல்வாய்க்கும் இடைவெளி கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடாது. உயரம் நாலு மடங்கானால் காற்றோட்டம் இரண்டு மடங்கு. மேலே மட்டும் திறந்துவைத்துக் கீழே அடைத்தாலும், கீழே திறந்து மேலே அடைத்தாலும் வேலை நடக்காது. திறப்புகளின் பரப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பது பொதுக் கணக்கு. நம் வெக்கைக்கு நான் பக்கவாட்டு முழுவதையும் திறந்துவிடச் சொல்வேன்.

இதைக் கற்க வெளிநாடு போக வேண்டாம். பினாங்குப் பாலத்தைத் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குப் போங்கள். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை என்று அறிவித்த அந்தத் தெருக்களில் ஏதாவது பழைய கடைவீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். முன்னே அஞ்சடி நடைபாதை நிழல் கொடுக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம். சில வீடுகளில் கூரைக்கு மேலே இன்னொரு சின்னக் கூரை, இடையில் காற்று போக இடுக்கு. அவற்றைக் கட்டிய கொத்தனார்கள் விசிறியை நம்பிக் கட்டவில்லை.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ஸ்மோக் ஹவுஸ் நினைவிருக்கும். ரப்பர் சீட்டுகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, நாற்பதிலிருந்து அறுபது டிகிரிச் சூட்டில் நாலைந்து நாள் புகையூட்டிக் காயவைத்த கட்டடம். கீழே சூடு நுழையும் வழி, மேலே ஈரம் கிளம்பிப் போகும் வழி. அதன் மேல்வாயைத் திறப்பதும் மூடுவதும்தான் அந்த வேலையின் சூட்சுமம். பத்தாம், பதினோராம் எண்ணுக்கு வரும்போது இதை மனத்தில் வைத்திருங்கள்.

7. பூச்சிவலை காற்றையும் தடுக்கும்.

வெள்ளை ஈயை நிறுத்த ஐம்பது மெஷ் வலை வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் அந்த வலையில் துளையின் பரப்பு பாதிக்கும் குறைவு. ஒரு மீட்டர் திறப்பில் அந்த வலையை அடித்தால் உங்களுக்குக் கிடைப்பது அரை மீட்டர்கூட இல்லாத திறப்பு. தூசியும் பாசியும் படிந்தால் அதுவும் போச்சு. வலைப் பரப்பை இரண்டு மடங்காக்குங்கள், மாதம் ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிளகாய்க்கு வைரஸ் நோய் பரவியிருக்கும் வட்டாரமாக இல்லாவிட்டால், வலை இல்லாத மழைக்காப்புக் கூரையே பலருக்குப் போதும்.

8. நிழல்வலையை வெளியே கட்டுங்கள்.

பிளாஸ்டிக்குக்குக் கீழே, உள்பக்கம் கட்டினால் வலை வெயிலைக் குடித்துச் சூடாகி அந்தச் சூட்டை உள்ளேயே விடும். பிளாஸ்டிக்குக்கு மேலே, ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்டினால் சூடு வெளியிலேயே போய்விடும். வேலை கொஞ்சம் கூடுதல்தான், காற்றுக்குக் கிழியவும் கிழியும். ஆனாலும் அதுதான் சரி. எழுபது சதவீத வலை வாங்காதீர்கள். காய் காய்க்கிற செடிக்கு முப்பது போதும். பிளாஸ்டிக் 200 மைக்ரான் தடிமன், புறஊதாக் கதிரைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். நம் வெயிலில் மூன்று வருடத்துக்கு மேல் அது உழைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

9. கூரை போட்டால் மழைத்தண்ணீர் எங்கே போகும்?

நூறு சதுர மீட்டர்க் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். அதை நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோனால், உரத்தைத் தண்ணீரில் கரைத்துப் பாய்ச்சும் ஃபெர்டிகேசனுக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. விட்டுவிட்டால் அதே தண்ணீர் உங்கள் வேலியோரத்தில் குளமாகும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு எப்படி மூழ்கியது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளமான நிலத்தில் குடில் போட்டால் தரையை முதலில் உயர்த்துங்கள், பிறகுதான் கம்பம். தண்ணீர் என்றதும் இன்னொன்று: விசிறியும் ஈரத்தட்டியும் வைத்துக் குளிரூட்டலாமே என்று விற்பனைக்காரர் சொல்வார். வெயில் காயும் பிற்பகலில், காற்றின் ஈரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்போது, அது நாலு டிகிரி வரை குறைக்கும். ஈரம் நிறைந்த காலையிலும் மழை நாளிலும் கரண்டு கட்டணம் மட்டும்தான் ஏறும்.

10. வெயிலின் சூட்டை உண்மையிலேயே வாங்க வேண்டிய இடம் உலர்த்தும் கொட்டகை.

நீங்கள் கொண்டுவந்த படத்துக்கு நம் ஊரில் வேலை இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, இங்கேதான். மிளகாய், தேங்காய், கருவாடு, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, தீவில் பாலிக் புலாவ் பக்கத்து ஜாதிக்காய் என்று காயவைத்தால் விலை ஏறும் பொருளுக்கு இங்கே குறைவில்லை. குறைவாக இருப்பது, நடுவில் மழை வந்து கெடுக்காத வெயில். பாயில் பரப்பிவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைக் கேளுங்கள்.

தாய்லாந்தில் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தார் இதற்கு நல்ல வழி காட்டினார்கள். வளைந்த பாலிகார்பனேட் கூரை, கான்கிரீட் தரை, ஒரு முனையில் காற்று நுழையும் வாய், மறுமுனையில் சூரியத் தகட்டில் ஓடும் சின்ன விசிறிகள். வெயில் ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றும், மேகம் மூடினால் தானாகத் தளரும். யாரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டாம். அங்கே வாழைப்பழம், மிளகாய் முதல் காப்பிக்கொட்டை வரை காயவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்திலும் கொப்பரைக்கு இப்படிப்பட்ட சூரியக் கூடார உலர்த்திகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஈரமாக இருக்கும் தேங்காய்ப் பருப்பை ஆறு, ஏழு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். திறந்த வெயிலில் ஒரு வாரம் இழுக்கும் வேலை கூடாரத்துக்குள் சில நாளில் முடிந்துவிடும். மண்ணும் ஈயும் ஒட்டாது.

கட்டும்போது செடிக்குடிலுக்குச் சொன்னதை இங்கே மாற்றிச் செய்ய வேண்டும். உயரம் குறைவாக. தரை கான்கிரீட், அதன் மேற்பரப்பு கறுப்பு. பக்கம் அடைப்பு. பகலில் சூட்டைக் குடித்த தரை, பொழுது சாய்ந்த பிறகும் சில மணி நேரம் உள்ளே வெதுவெதுப்பை வைத்திருக்கும். அந்த வெதுவெதுப்புதான் காய்ந்த பொருள் இரவு ஈரத்தை மறுபடி குடிக்காமல் காக்கும். இன்னும் வேண்டுமானால் சுவரோரம் 200 லிட்டர்க் கறுப்புப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். ஒரு பீப்பாய்த் தண்ணீர் பத்து டிகிரி ஏறினால் இரண்டு யூனிட் கரண்டுக்கு மேல் சூடு அதில் இருக்கிறது.

11. உலர்த்தும் கொட்டகையை இறுக மூடாதீர்கள்.

சூடு ஏறட்டும் என்று எல்லா வாயையும் அடைத்துவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. வெப்பமானி அறுபதைக் காட்டும், மிளகாய் வேகும், கூரையின் உள்பக்கம் தண்ணீர் சொட்டும். சூடு மட்டும் காயவைக்காது. ஈரத்தைச் சுமந்துகொண்டு காற்று வெளியே போக வேண்டும். முதல் நாள் மேல்வாயை நன்றாகத் திறந்துவையுங்கள், ஈரம் அன்றைக்குத்தான் அதிகம். கடைசி நாள் அரைவாசி மூடினால் போதும். இரவில் எல்லாவற்றையும் மூடுங்கள். மிளகாய்க்கும் கொப்பரைக்கும் ஐம்பதிலிருந்து அறுபது டிகிரிக்குள் இருந்தால் போதும். கீரைவகைக்கு நாற்பத்தைந்தைத் தாண்டவிடாதீர்கள், நேர் வெயிலும் படக்கூடாது. படுக்கைக்கு மேலே ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டால் பச்சை நிறம் நிற்கும்.

12. கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு.

தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். இரவு பதினைந்து டிகிரி வரை இறங்கும். அங்கே பக்கவாட்டுத் திரையை மாலையில் இறக்குவதிலும், செடிகளுக்கு நடுவே தண்ணீர்ப் பீப்பாய் வைப்பதிலும் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி மலைச்சரிவில் மண் எப்படி நகர்கிறது என்பதை அங்குள்ளவர்களிடம் கேட்டு, அதற்குப் பிறகு குடிலைப் பற்றி யோசியுங்கள்.

13. அளந்து பார்க்காமல் பணம் போடாதீர்கள்.

உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் காட்டும் இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள். விலை ஒன்றும் அதிகமில்லை. ஒன்றைப் பக்கத்துத் தோட்டக்காரரின் குடிலுக்குள், செடி உயரத்தில், வெயில் நேராகப் படாமல் தொங்கவிடுங்கள். மற்றதை வெளியே நிழலில். பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று டிகிரிக்குள் இருந்தால் அந்தக் குடிலைப் பார்த்துக் கட்டலாம். ஏழு, எட்டு என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், அவர் எவ்வளவு பெருமையாகக் காட்டினாலும் சரி. வறட்சியான ஜனவரி, பிப்ரவரியில் ஒரு மாதம், மழைக்காலமான அக்டோபரில் ஒரு மாதம் குறித்துவையுங்கள்.

14. காகித வேலையை முதலில் முடியுங்கள்.

நிலப்பட்டாவில் விவசாயம் என்று இருக்கிறதா என்று நில அலுவலகத்தில் பாருங்கள். பத்து காவான் நகரம் வளர வளர நம் பக்கத்து நிலங்களின் தலையெழுத்தும் மாறிக்கொண்டிருக்கிறது. குத்தகை நிலம் என்றால் எத்தனை வருடம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிரந்தரக் கட்டடமா, கழற்றக்கூடிய கூரையா என்பதைச் செபராங் பிறை மாநகர் கழகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விவசாய இலாகாவில் உதவித்திட்டம் ஏதாவது திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் வீட்டுக்கு வந்து சொல்வதில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு, அந்த இரண்டு மாத வெப்பக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தம்பி, தங்கச்சி யாராக இருந்தாலும் சரி. எத்தனை மீட்டர் குழாய் வாங்குவது என்று அப்போது உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.